நனைந்த தோட்டா: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம். உங்கள் கதையில் காட்டுப்பன்றியைக் குறிவைத்த துவக்கு வெடிக்காமல் ‘டிக்’ என்று நிற்கிறது. துரை காவல்காரரை ஏசுகிறார். அது துவக்கின் பிழையா, தோட்டாவின் பிழையா? நுவரெலியாவில் யானை சுட்ட பேக்கர் துரை ஈயத்தோடு வெள்ளீயம் கலந்தாராமே, அது ஏன்?
— ஒரு வாசகர், அப்புத்தளை

அன்புள்ள நண்பருக்கு,

பிழை தோட்டாவில்தான். அந்தக் காவல்காரர் என் தாத்தா. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரவுக் காவல் பார்த்தவர்.

அந்தக் கால வேட்டைத் தோட்டாவுக்கு உடம்பு தடித்த காகிதம், அடி மட்டும் பித்தளை. உள்ளே முதலில் வெடிமருந்து, அதன்மேல் கம்பளி அடைப்பு, அதற்கும் மேல் ஈயக் குண்டுகள். அடியின் நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம். ஊசி அதில் குத்தினால்தான் பொறி பறந்து மருந்து பற்றும்.

காகிதத்துக்கு மெழுகு பூசியிருந்தாலும் ஆனி, ஆடி மழையில் நம் மலையில் அது ஊதிவிடும். ஊதிய தோட்டா குழாய்க்குள் இறங்காது. அழுத்தி இறக்கினால், சுட்ட பிறகு வெளியே வராது. தாத்தா பேனாக்கத்தியால் நெம்பி எடுத்த கூடு ஒன்று எங்கள் காம்பராவில் கிடந்தது. அதன் வாய் நனைந்த பீடி மாதிரிப் பிரிந்திருக்கும்.

ஈரம் உள்ளே இறங்கினால் இன்னும் மோசம். ‘டிக்’கோடு நின்றுபோகலாம். சில வேளை உள்ளே கனன்று, பிந்தி வெடிக்கும். அதனால் வெடிக்காத துவக்கை உடனே திறக்கக்கூடாது. தாத்தா குழாயை மண்மேட்டுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அறுபது வரை எண்ணுவாராம். துரை அதைப் பயம் என்றார். அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 1960களில் பிளாஸ்டிக் உடம்பு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

முழுப் பித்தளைக் கூட்டின் குணம் வேறு. வெடிக்கும்போது விரிந்து குழாயோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னால் வராமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி, கழற்ற வழிவிடும். நனைந்த காகிதம் அப்படிச் சுருங்குமா?

சரி, பேக்கர். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர், 1848இல் நுவரெலியாவில் குடியேறியவர். அவருடைய துவக்குகளில் மருந்தையும் குண்டையும் வாய்வழியாகத்தான் இடித்து இறக்க வேண்டும். சுத்த ஈயம் மென்மையானது. யானையின் மண்டையோ தேன்கூடுபோல அறை அறையான, தடித்த எலும்பு. அதில் பட்டதும் ஈயம் சப்பளிந்து, மூளை வரை போகாமல் நின்றுவிடலாம். வெள்ளீயம் சேர்த்தால் குண்டு இறுகி, உருக்குலையாமல் ஆழமாகப் போகும். மெல்லிய உடம்புள்ள மானுக்கு அந்த இறுக்கம் தேவையில்லை. மெது ஈயம் உள்ளே விரிந்தால்தான் விலங்கு சீக்கிரம் விழும், காயத்தோடு காட்டுக்குள் ஓடித் துடிக்காது. அவர் கொன்ற யானைகளை நினைத்தால் மனம் ஆறாது. ஆனாலும் எந்த விலங்குக்கு எந்தக் குண்டு என்பதை அவர் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்.

கதையில் நான் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தத் தோட்டாக்கள் தாத்தாவிடம் இருக்கவேயில்லை. துரை பங்களாவில், ஓதம் ஏறிய அலுமாரியில் இருந்தன. பொழுது சாய்ந்ததும் இரண்டே இரண்டு எண்ணிக் கொடுப்பார்கள். அடுத்த பதிப்பில் அந்த அலுமாரியைச் சேர்த்துவிடுகிறேன்.