லைஃப்லைன் சலுகை: அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான தொலைபேசி உதவி பற்றிய கேள்வி பதில்

குறைந்த வருமானக் குடும்பங்களின் தொலைபேசி, இணையக் கட்டணத்தில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு ஏற்கும் திட்டம் லைஃப்லைன். 1985இல் வந்தது. விதிகளை வகுப்பது எஃப்சிசி என்ற மத்திய தகவல் தொடர்பு ஆணையம், நடத்துவது யூசாக் என்ற நிர்வாக அமைப்பு. தமக்காகவும் பெற்றோருக்காகவும் விண்ணப்பிப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

ஐயா, மாதம் எவ்வளவு கிடைக்கும்? ஃபோனும் இலவசம்தானா?

இணையம் சேர்ந்த சேவைக்கு மாதம் 9.25 டாலர் வரை, பேச்சு மட்டும் என்றால் 5.25 டாலர். பழங்குடி நிலங்களில் வசிப்போருக்கு மேலும் 25 டாலர் வரை உண்டு. பணம் உங்கள் கைக்கு வராது, நிறுவனத்துக்குப் போகும். பல செல்போன் நிறுவனங்கள் அந்தத் தொகைக்குள் அடங்கும் திட்டத்தையே தருவதால் உங்களுக்கு பில் வருவதில்லை.

ஆனால் கைபேசிக்கென்று லைஃப்லைன் ஒரு காசும் தருவதில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் நிறுவனத்தின் விருப்பம். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: ஃபோன் உண்டா, இல்லையென்றால் என் ஃபோனில் உங்கள் சிம் வேலை செய்யுமா, மாதம் எத்தனை ஜிபி?

முன்பு 30 டாலர் கழிந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டதே?

அது இணையக் கட்டணத்துக்கு உதவிய ஏசிபி என்ற வேறு திட்டம். நிதி தீர்ந்து 2024 ஜூன் 1இல் முடிந்துவிட்டது. லைஃப்லைனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அப்பாவுக்கு மெடிகேர் இருக்கிறது. அது போதுமா?

போதாது. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. தகுதி தருவது குறைந்த வருமானத்தோருக்கான மருத்துவ உதவியான மெடிகெய்ட், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் அல்ல. அதேபோல் வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்எஸ்ஐ உதவித்தொகை தகுதி தரும், வேலை செய்து வரி கட்டியவருக்கான மாற்றுத்திறன் காப்பீட்டுத் தொகையான எஸ்எஸ்டிஐ மட்டும் இருந்தால் தராது. ஸ்னாப் உணவு உதவி, செக்‌ஷன் 8 போன்ற மத்திய அரசு வீட்டுவசதி உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் ஆகியவையும் தகுதி தரும். தாய் சேய் சத்துணவு உதவியான டபிள்யூஐசியும் கல்லூரி உதவித்தொகையான பெல் கிரான்ட்டும் ஏசிபிக்குச் செல்லுபடியாயின, இதற்குச் செல்லாது.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் வருமானத்தைக் காட்டலாம். வரம்பு மத்திய வறுமைக்கோட்டில் 135 விழுக்காடு. 2025 கணக்கில் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 21,128 டாலர், நால்வர் குடும்பத்துக்குச் சுமார் 43,403. கோடு ஆண்டுதோறும் மாறும்.

என் யோசனை: மெடிகெய்ட், ஸ்னாப் இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த வழியிலேயே போங்கள். பல மாநிலங்களில் அரசுப் பதிவேட்டை கணினியே பார்த்து உறுதிசெய்துவிடும், காகிதம் கேட்காது. உங்களுக்கு இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் மெடிகெய்ட் இருந்தாலும் சரி. படிவத்தில் அதற்கென்று உள்ள பகுதியில் பிள்ளையின் விவரத்தை எழுதுங்கள்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குத் தனியாகக் கிடைக்குமா?

ஒரு குடும்பத்துக்கு ஒரு சலுகைதான். ஒரே முகவரியில் இருந்து, வரவையும் செலவையும் பகிர்ந்துகொள்பவர்கள் ஒரு குடும்பம். உங்கள் சம்பளத்தில்தான் வீட்டுச் செலவெல்லாம் நடக்கிறது என்றால் அம்மாவும் உங்கள் குடும்பமே. வருமான வழியில் விண்ணப்பித்தால் உங்கள் சம்பளமும் கணக்கில் சேரும். அவருக்கு மெடிகெய்ட் இருந்தால் அந்த வழியில் விண்ணப்பிக்கலாம், உங்களில் வேறு யாரும் லைஃப்லைன் வாங்காத வரை.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் வாடகையை மட்டும் பகிர்ந்து தனித்தனியே சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்தால் இருவருக்கும் கிடைக்கும். அந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் சேர்ந்திருந்தால் குடும்பக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். உள்ளதை எழுதுங்கள், கையெழுத்து சட்டப்படி உறுதிமொழியாகக் கொள்ளப்படும்.

இரண்டு தடவை விண்ணப்பித்தும் 'அடையாளம் சரிபார்க்க முடியவில்லை' என்றே வருகிறது. என்ன செய்வது?

நம்மவர்களுக்கு இது பெரும்பாலும் பெயரால் வருகிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், வங்கியில் இனிஷியல் முன்னால் இருக்கும், மெடிகெய்ட் கடிதத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். நேஷனல் வெரிஃபையர் என்ற சரிபார்ப்பு அமைப்பு பெயர், பிறந்த தேதி, சோசியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கம் மூன்றையும் சேர்த்து ஒப்பிடுகிறது. சோசியல் செக்யூரிட்டி அட்டையில் பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். மெடிகெய்ட் பதிவில் வேறாக இருந்தால் முதலில் அங்கே திருத்தச் சொல்லுங்கள். பிறந்த தேதியில் மாதம் முன்னால், நாள் பின்னால். 5.8 என்று நம் வழக்கத்தில் எழுதினால் மே 8 ஆகிவிடும்.

காகிதப் படிவத்தில் ஒவ்வொரு உறுதிமொழிக்குப் பக்கத்திலும் இனிஷியல் கேட்பார்கள். அது அப்பா பெயரின் எழுத்து அல்ல. உங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டின் முதல் எழுத்துகள். ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பம் நிற்கும்.

சான்று அனுப்பினேன், ஏற்கவில்லை.

ஸ்னாப், மெடிகெய்ட் கடிதத்தில் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: உங்கள் பெயர், திட்டத்தின் பெயர், கொடுத்த அலுவலகம், தேதி. தேதி கடந்த 12 மாதங்களுக்குள் இருக்க வேண்டும், அல்லது காலாவதி நாள் இன்னும் வராததாக இருக்க வேண்டும். வருமானத்துக்குச் சென்ற ஆண்டின் வரித் தாக்கல் நகல் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். சம்பளச் சீட்டு என்றால் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு உரியவை வேண்டும். ஒற்றைச் சீட்டை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண்.

நான்கு மூலையும் தெரியும்படி படம் எடுங்கள். தபாலில் நகல் மட்டும் போகட்டும், அசல் வேண்டாம். விடுபட்ட சான்றைத் தர 45 நாள் அவகாசம் உண்டு, தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. வீட்டு முகவரியாக அஞ்சல் பெட்டி எண்ணை ஏற்கமாட்டார்கள். தபால் வர மட்டும் அதைத் தரலாம்.

அங்கீகாரம் வந்து ஒரு மாதமாகிறது. சிம் வரவே இல்லை.

அங்கீகாரம் என்பது தகுதி மட்டும்தான். 90 நாளுக்குள் நீங்களே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து சேர வேண்டும். லைஃப்லைன் சப்போர்ட் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் பகுதி நிறுவனங்கள் தெரியும். சந்தேகம் இருந்தால் 1-800-234-9473இல் கேளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சில மாநிலங்களில் விண்ணப்ப வழியே வேறு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் முதலில் மாநிலத் திட்டத்தைப் பாருங்கள்.

அவசரத்துக்கென்று எடுத்துவைத்த ஃபோன் தானாகவே துண்டிக்கப்பட்டுவிட்டது.

மாதக் கட்டணம் இல்லாத சேவையை 30 நாளுக்கு ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் 15 நாள் அறிவிப்பு, பிறகு நீக்கம். ஒரு அழைப்போ ஒரு குறுஞ்செய்தியோ போதும். பெற்றோரின் ஃபோன் என்றால் ஞாயிறுதோறும் அதிலிருந்து உங்களுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கொரு முறை தகுதியைப் புதுப்பிக்கவும் வேண்டும். பதிவேட்டிலிருந்து தானாக உறுதியாகாவிட்டால் கடிதம் வரும், 60 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஆங்கிலக் கடிதம் என்று பெரியவர்கள் எடுத்து வைத்துவிடுகிறார்கள், சலுகை போய்விடுகிறது. வீடு மாறினால் 30 நாளுக்குள் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள், அந்தக் கடிதம் பழைய வாசலுக்குப் போகாது.

கணவரின் குடும்பத் திட்டத்தில்தான் என் எண் இருக்கிறது. அடி உதையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு வழி உண்டா?

உண்டு அம்மா. 2022இல் வந்த சேஃப் கனெக்‌ஷன்ஸ் சட்டப்படி உங்கள் எண்ணைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி இப்போதுள்ள நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டு வேலை நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. அந்தக் கோரிக்கையின் ஆதாரத்தோடு லைஃப்லைனுக்கு விண்ணப்பித்தால் வருமான வரம்பு வறுமைக்கோட்டில் 200 விழுக்காடு வரை தளர்கிறது, ஆறு மாதம் வரை உதவி கிடைக்கும். தபால் முகவரியாக அவர் கைக்கு எட்டாத ஓரிடத்தைக் கொடுங்கள்.