மெழுகுப்புழுவை நிறுத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அதற்கு ஒன்றரை வயது இருக்கும். ஐந்து மாதமாக மெழுகுப்புழு மட்டுமே தின்கிறது. சுவர்க்கோழியை விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வால் நன்றாகத் தடித்துவிட்டது. ஆரோக்கியமாக இருக்கிறது என்று மகிழ்ந்திருந்தோம். இப்போது சந்தேகமாக இருக்கிறது. எந்தப் பூச்சிதான் நல்லது? தோட்டத்தில் பிடித்துக் கொடுக்கலாமா? டூபியா கரப்பான் சிறந்தது என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, கரப்பானை வீட்டுக்குள் விடவே மாட்டேன் என்கிறார்.

ஒரு வாசகர், லண்டன்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அது நடப்பதைக் கவனியுங்கள். வயிற்றைத் தரையில் இழுக்காமல் தூக்கி நடக்கிறதா? கால்கள் வளைந்திருந்தாலோ, நடுங்கினாலோ, தாடை தொங்கினாலோ மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே கொண்டுபோங்கள். எலும்பு வலுவிழக்கும் நோய் அது. என் முதல் கெக்கோவை அந்த நோய்க்குத்தான் பறிகொடுத்தேன். புழு போட்டால் போதும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, எட்டு மாதம் வெறும் புழுவே போட்டேன். அதன் கீழ்த்தாடை ரப்பர் போல வளைந்ததைத் தொட்டு உணர்ந்த விரல் எனக்கு இன்னும் கூசுகிறது.

பூச்சிக்கு எலும்பு கிடையாது. ஆகவே அதன் உடம்பில் கால்சியமும் மிகக் குறைவு. கெக்கோவின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிட இரு மடங்கு வரையோ இருக்க வேண்டும். சுவர்க்கோழியில் ஒரு பங்கு கால்சியத்துக்கு ஏறக்குறைய 7 பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. மாவுப்புழுவில் நிலைமை இன்னும் மோசம். மெழுகுப்புழுவில் அந்தக் குறையோடு, எடையில் கால்பங்கு கொழுப்பும் உண்டு. தேனடையை அரித்துத் தின்று வளரும் புழு வேறு எப்படி இருக்கும்? உங்கள் கெக்கோவின் வாலில் சேர்ந்திருப்பது அந்தக் கொழுப்புதான். வால் தடித்திருப்பதை வைத்து எலும்பின் நிலையை அறிய முடியாது.

எந்தப் பூச்சி நல்லது என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்களில் வாழும் இனம் இது. அங்கே வண்டு, சிலந்தி, தேள் என்று இரவில் எதிர்ப்படுவதையெல்லாம் பிடித்துத் தின்கிறது. நம் கண்ணாடிப் பெட்டியிலும் உணவு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சுவர்க்கோழியையும் டூபியாவையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வெட்டுக்கிளியும் கடைகளில் கிடைக்கிறது. துள்ளும் இரையைத் துரத்துவது கெக்கோவுக்கு நல்ல உடற்பயிற்சி. கால்சிவார்ம் என்று விற்கப்படும் ஈப்புழுவில் மட்டும் இயல்பாகவே பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம். பட்டுப்புழு கிடைத்தால் விடாதீர்கள். கொழுப்பு மிகக் குறைந்த, மென்மையான இரை அது. எதுவானாலும் கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

பூச்சியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமானது அந்தப் பூச்சி என்ன தின்றது என்பது. கடையிலிருந்து வரும் சுவர்க்கோழி பெரும்பாலும் பட்டினியாக வரும். அப்படியே கொடுத்தால் வெற்று ஓட்டைக் கொடுப்பதற்குச் சமம். கொடுப்பதற்கு முன் ஒரு நாளாவது கேரட், கீரை, பூசணி, நல்ல தானியமாவு போட்டு அதன் வயிற்றை நிரப்புங்கள். இதை உங்கள் மகளின் பொறுப்பில் விடலாம். பிறகு ஒரு டப்பாவில் போட்டுக் கால்சியம் பொடியோடு குலுக்கிக் கொடுங்கள். கால்சியம் உடம்பில் சேர உதவும் வைட்டமின் டி3 எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது உங்கள் பெட்டியில் உள்ள புற ஊதா விளக்கைப் பொறுத்தது, மருத்துவரிடமே கேளுங்கள். தின்னாமல் விட்ட சுவர்க்கோழியைப் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். உறங்கும் கெக்கோவை அது கடித்துப் புண்ணாக்கிவிடும்.

தோட்டத்துப் பூச்சி வேண்டாம். பக்கத்து வீட்டில் என்ன மருந்து அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. மின்மினி வகைகளை எக்காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள். அமெரிக்க மின்மினி ஒன்றைத் தின்றே வளர்ப்பு ஓணான்கள் செத்திருக்கின்றன.

அம்மாவின் அருவருப்பு நியாயமானது. நம் அடுப்பங்கரைக் கரப்பானைப் பார்த்து வளர்ந்தவர் அவர். டூபியா தென்னமெரிக்க இனம். வழுவழுப்பான சுவரில் ஏறாது, நல்ல வெப்பம் இல்லாமல் பெருகாது, லண்டன் வீட்டில் தப்பித்தாலும் குடும்பம் நடத்தாது. இதைச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் அவர் மனம் ஒப்பாவிட்டால் சுவர்க்கோழியும் வெட்டுக்கிளியும் போதும். அவர் இருக்கும் நாட்களில் அவருடைய நிம்மதியும் முக்கியம்.

இனி மெழுகுப்புழுவை மறக்கடிப்பது. அதற்கு முன் பெட்டியின் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த கெக்கோ எதையும் தின்னாது. பிறகு புழுவை முற்றிலும் நிறுத்திவிட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை அந்தி மங்கும் நேரத்தில் ஒரே ஒரு சுவர்க்கோழியை விடுங்கள். தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். வால் தடித்த, வளர்ந்த கெக்கோ ஒன்றிரண்டு வாரம் தின்னாமல் தாங்கும். குட்டியாக இருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்கவே மாட்டேன். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். முதல் சுவர்க்கோழியை அது பிடித்த அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.