மழைக்காலத்தில் ஏற்காடு போய்வர எலக்ட்ரிக் ரோடு சைக்கிளில் என்னென்ன மாட்ட வேண்டும்?

சேலத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறுவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்குவதுதான் சோதனை. வண்டி கனம் என்பதால் பிரேக்குக்குக் கூடுதல் வேலை. டிஸ்க் பிரேக்கில் ரெசின் பேட் (பிசினால் கெட்டிப்படுத்திய பிரேக் கட்டை) இருந்தால் மாற்றி, சின்டர்டு பேட் (உலோகத் தூளை அழுத்திச் சுட்டது) போடுங்கள். ஈரத்திலும் சேற்றிலும் சீக்கிரம் தேயாது. கொஞ்சம் கீச்சிடும், பரவாயில்லை. ஆனால் ரோட்டரில், அதாவது பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகட்டில், 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருந்தால் ரோட்டரையும் மாற்ற வேண்டும்.

மட்கார்டு முழுநீளமாக இருக்கட்டும். நான் பாதி மட்கார்டோடு போய், முதுகு நெடுக செம்மண் கோடு வாங்கி வந்தவன்.

அப்புறம் பேட்டரி. நல்ல வண்டி என்றால் மழையைத் தாங்கும், வாட்டர் சர்வீஸ் பீச்சலைத் தாங்காது. முனைகளைத் துடைத்து, காய்ந்தபின் சார்ஜ் போடுங்கள். மூடுபனிக்குப் பின்பக்கச் சிவப்பு விளக்கு, பகலிலும்.