பாடகர் குழுவை விட்டு நின்ற சகோதரிக்கு

அன்புச் சகோதரி, பக்கவாதத்தால் படுத்திருக்கும் மாமியாரைக் கவனிப்பதற்காகப் பாடகர் குழுவையும் ஞாயிறு பள்ளியையும் விட்டதால், ஊழியத்திலிருந்தே விலகிவிட்டதாக வருந்தியிருக்கிறீர்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், தேவனுக்குக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, ஆக்கிவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை வாசிக்கும்போது, உங்கள் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. எதையும் கர்த்தருக்கென்று செய்யச் சொல்லும் கொலோசெயர் 3ஆம் அதிகார வார்த்தையும் பிரசங்கிகளுக்கு அல்ல, எஜமான் வீட்டில் உழைத்த அடிமைகளுக்கே எழுதப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்கும்போதே வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். பேச்சு போனாலும் செவி கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் கணவரோடு முறைவைத்துச் சென்றுவாருங்கள்; மாமியாருக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும்படி ஆயரிடம் தயங்காமல் கேளுங்கள்.