ஓர்கா ஆளை நினைவில் வைத்துப் பழிவாங்குமா?

கேள்வி: போன கோடையில் ஸ்பெயினின் பர்பாத்தே அருகே எங்கள் பாய்மரப் படகின் சுக்கானை ஓர்காக்கள் (கொலைகாரத் திமிங்கிலங்கள்) உடைத்தன. பதற்றத்தில் ஒன்றின் முதுகில் கொக்கிக் கம்பால் ஓங்கி அடித்துவிட்டேன். இந்த ஆண்டும் ஜிப்ரால்டர் வழியே போக வேண்டும். அது என்னைத் தேடி வரும் என்கிறார்கள். விரட்டும் கருவி என்று ஒன்றை ஒருவர் விற்கப் பார்க்கிறார். வாங்கலாமா?

பதில்: தேடி வராது. கருவியும் வாங்க வேண்டாம்.

கடலில் தன் இஷ்டத்துக்குத் திரியும் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக இதுவரை பதிவே இல்லை. அந்தப் பகுதியில் 2020-லிருந்து நூற்றுக்கணக்கான படகுகளைச் சீண்டியிருக்கின்றன. சில மூழ்கியும் போயின. உயிர்காப்பு மிதவைக்கு மாறியவர்களை அவை தொடவில்லை. பகை தீர்க்க வந்த விலங்கு சுக்கானை மட்டும் உடைத்துவிட்டு, ஆளை விட்டுவிட்டுப் போகுமா?

‘வெள்ளை கிளாடிஸ்’ என்ற பெண் ஓர்கா ஏதோ ஒரு படகால் காயப்பட்டிருக்கலாம் என்பது ஓர் ஊகம். 2023-இல் பத்திரிகைகள் அதைப் பழிவாங்கும் கதையாக்கிவிட்டன. ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து மறுப்பு மடல் எழுதினார்கள், ஆனால் கதை ஓடிய வேகத்தில் மறுப்பு ஓடவில்லை. அவற்றின் இரையான நீலத்துடுப்புச் சூரை மீன் பெருகிவிட்டதால் இரைக்காக நாள் முழுக்க அலைய வேண்டியதில்லை; மிஞ்சிய நேரத்தில் இளசுகள் சுக்கானோடு விளையாடுகின்றன என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இப்படி ஒரு பழக்கம் கூட்டத்தில் பரவுவது புதிதும் அல்ல. 1987-இல் வட அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் பகுதியில் ஓர் ஓர்கா செத்த சால்மனைத் தலையில் சுமந்து திரிய, சில வாரங்களில் மற்றவையும் அதையே செய்தன.

‘காட்சித் தொட்டியில் வளர்த்த டிலிகும் என்ற ஓர்கா ஆளைக் கொல்லவில்லையா?’ என்று கேட்பீர்கள். கொன்றது. மூன்று மனித மரணங்களோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஆனால் அதை 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடித்து, தாயிடமிருந்து பிரித்து, வாழ்நாள் முழுக்கத் தொட்டியில் அடைத்து வைத்தார்கள். வளைத்துப் பிடித்து அடைக்கப்பட்ட உயிரின் நடத்தையைக் கடலில் தன் குடும்பத்தோடு நீந்தும் ஓர்காவுக்குப் பொருத்தவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் மறுபடியும் அதே உதாரணத்தைத்தான் கொண்டுவருகிறார்கள்.

அப்புறம் அந்த விற்பனையாளர். உங்கள் பயம்தான் அவருக்கு மூலதனம். ஒலி எழுப்பும் கருவி, பட்டாசு, மணல் கொட்டுவது என்று ஏதேதோ சொல்வார். சத்தம் ஓர்காவுக்குச் சீக்கிரம் பழகிவிடும். அந்த நீரிணையில் மீனவர்களின் தூண்டிலில் மாட்டிய சூரையைப் பிடுங்கித் தின்னும் கூட்டம் அது. சத்தம் வரும் இடத்தில் இரை இருக்கும் என்று அறிந்த விலங்கு, சத்தத்துக்குப் பயந்து ஓடும் என்று நம்பாதீர்கள். அந்தப் பகுதி ஓர்காக்களில் சுமார் 40 மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. துன்புறுத்தினால் சட்டப்படி குற்றம். கம்பால் அடிப்பதும் அதில் சேரும். இனி வேண்டாம்.

அதிகாரிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. முதலில் ‘படகை நிறுத்துங்கள்’ என்றார்கள். பிறகு ‘நிறுத்தாதீர்கள்’ என்றார்கள். மாற்றியது சரிதான். ஆனால் பழைய அறிவுரை இன்னும் கைக்குக் கை சுற்றுகிறது. அதைத் துடைத்தெடுக்க யாரும் மெனக்கெடவில்லை. இப்போது செய்ய வேண்டியது இது: இன்ஜினைப் போட்டுக் கரைப்பக்கம், ஆழம் குறைந்த நீருக்குப் போங்கள். விளிம்போரம் யாரும் நிற்க வேண்டாம். படகு வானொலியில் விஎச்எஃப் 16-ஆம் அலைவரிசையில் தகவல் சொல்லுங்கள். சுக்கானில் அடி விழும்போது சக்கரத்தைப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள். அது சடாரென்று சுழலும், மணிக்கட்டு போய்விடும்.

முடிந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை அந்த வழியைத் தவிருங்கள். முடியாவிட்டால், கிளம்பும் முன் காப்பீட்டுப் பத்திரத்தில் சுக்கான் சேதத்துக்கு ஈடு உண்டா என்று வரி வரியாக நீங்களே படித்துப் பாருங்கள். தரகர் வாயால் சொல்வது போதாது. கருவிக்கு வைத்திருந்த பணத்தில், சுக்கான் இல்லாமலே படகைத் திருப்ப உதவும் இழுவை மிதவை ஒன்று வாங்கி, துறைமுகத்துக்குள்ளேயே ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.