கிரவுனில் ஆயில் கசிகிறது, கடன் வாங்கலாமா?

கேள்வி: நாமக்கல்லில் சொந்தமாக ஒரு பிக்அப் வைத்து முட்டை லோடு ஓட்டுகிறேன். பின் ஆக்சிலில் கிரவுன் (சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர செட்) மூடி ஓரமாக ஆயில் கசிகிறது. மூடியைக் கழற்றி சீல் போட ஒரு மெக்கானிக் 3,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் கிரவுன் செட்டையே மாற்றச் சொல்கிறார், 40,000 ஆகுமாம். பர்சனல் லோன் எடுக்கலாமா? இன்சூரன்ஸில் கிடைக்குமா?

பதில்: லோன் வேண்டாம். 3,000 ரூபாய் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். ஆயில் குறைந்து உள்ளே இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் உரச ஆரம்பித்தால், அந்த 40,000 உண்மையாகவே வந்து நிற்கும்.

செட் மாற்ற வேண்டுமா என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும். திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மூடியின் அடியில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் இரும்புச் சில்லு தட்டுப்பட்டாலோ, பல் உடைந்திருந்தாலோதான் பெரிய செலவைப் பற்றிப் பேச வேண்டும். ஆக்சிலுக்குள் இருந்து காற்று வெளியேறும் சின்ன வழியான பிரீதரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாகவும் ஆயில் வந்துவிடும்.

வேலையைச் சனிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, புது சிலிகான் தடவி, போல்ட்களை எதிரெதிராக முறுக்கியதும் ஒரு நாள் காய வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஆயில் ஊற்றினால் திங்கள் லோடு கைவிட்டுப் போகாது. அவசரப்பட்டு அன்றே ஓட்டினால் ஆயிலும் கூலியும் மறுபடி, வாடகையும் போச்சு.

இன்சூரன்ஸில் இது வராது. தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் சாதாரண பாலிசியில் விலக்கு. வருமான வரியில் வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று உத்தேச வருமானம் காட்டுகிறீர்கள் என்றால், ரிப்பேர் செலவைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. இருந்தாலும் பில் வாங்கி வையுங்கள், வண்டியை விற்கும்போது பேரம் பேச உதவும்.

அப்புறம், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபாய் எடுத்து வையுங்கள். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் இந்த மாதிரி ஒரு வேலைக்கான பணம் கையில் இருக்கும். டியூ பிடிக்கும் கணக்கில் மட்டும் போடாதீர்கள், அங்கே தங்காது. மறுபடி கசிந்தால் கூலி இல்லாமல் செய்து தர வேண்டும் என்பதை மெக்கானிக்கிடம் பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.