ஓட்ஸ், உப்பு – கடிதம்

வணக்கம்.

அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது. மருத்துவர் காலையில் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். கஞ்சியாகக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். அதனால் பழம் சேர்த்து ஓவனில் பேக் செய்கிறேன். இரண்டு கப் ஓட்ஸ், மூன்று கப் பால், தேன், பேக்கிங் பவுடர், ஃப்ரீசரில் இருக்கும் பெர்ரிப் பழங்களைக் கரையவைத்து இரண்டு கப். முட்டை, வெண்ணெய், உப்பு மூன்றையும் அறவே நிறுத்திவிட்டேன். 180 டிகிரியில் நாற்பது நிமிடம் வைக்கிறேன். மேலே காய்ந்துவிடுகிறது, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது, எடுத்தவுடன் துண்டு போட்டால் உதிர்கிறது. எங்கே தவறு? எந்த வகை ஓட்ஸில் நார்ச்சத்து அதிகம்? எந்தப் பழத்தில் நார்ச்சத்து அதிகம்? தேனா, சர்க்கரையா? ஓவன் சூட்டில் நார்ச்சத்து போய்விடுமா? இவ்வளவு பாடுபட்டும் அம்மா இரண்டு ஸ்பூனோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். சொன்னால் கேட்பதில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் நார்ச்சத்து மூன்று முறை வருகிறது. ருசி ஒரு முறைகூட வரவில்லை. உப்பு ஒரே ஒரு முறை, அதுவும் அறவே நிறுத்திவிட்டதாக. போன வாரம் பழைய துணிகளை ஒதுக்கும்போது அப்பாவின் சட்டை ஒன்று கையில் கிடைத்தது. அதிலிருந்து இதே நினைப்பாகத்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ட்ரே விஷயத்தை முடித்துவிடுகிறேன். இரண்டு கப் ஓட்ஸுக்கு மூன்று கப் பால் மிக அதிகம். இரண்டு கப்பே தாராளம், ஒன்றேமுக்கால் இன்னும் நல்லது. பழமும் வேகும்போது தண்ணீர் விடும். அந்தக் கணக்கை நீங்கள் போடவே இல்லை. உறைந்த பெர்ரியைக் கரையவைக்காமல் கடைசியில் அப்படியே மேலே தூவுங்கள். உதிர்வது ஏன் என்றால், பிடித்துவைக்க அதில் ஒன்றுமே இல்லை. முட்டை இருந்தால் அது பாலோடு சேர்ந்து இறுகிப் பிடிக்கும். முட்டை வேண்டாமென்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கொழகொழவென்று ஆனதும் சேருங்கள். முட்டை அளவுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

அப்புறம், வெளியே எடுத்தவுடன் கத்தியை வைக்காதீர்கள். ஓரங்கள் ட்ரேயை விட்டு லேசாக விலகி, ஆட்டிப் பார்த்தால் நடுப்பகுதி தளும்பாமல் இருந்தால் வெந்துவிட்டது. அதற்குப் பிறகும் பதினைந்து நிமிடம் சும்மா விடவேண்டும். ஓட்ஸின் மாவுச்சத்து சூட்டில் பாலை உறிஞ்சிப் பருக்கும், ஆறும்போதுதான் கெட்டியாகும். அந்தப் பதினைந்து நிமிடம் காலையில் கிடையாது என்றால் முந்தைய இரவே செய்து வைத்துவிடுங்கள்.

தட்டையாக அழுத்திய சாதா ஓட்ஸ் போதும். உடனடி ஓட்ஸ் பசையாகிவிடும். வெட்டிய முழு ஓட்ஸ் ஊறவைக்காவிட்டால் நாற்பது நிமிடத்தில் பல்லுக்கு வேலை வைக்கும். தேன், சர்க்கரை இரண்டும் இனிப்புதான், எதைப் போட்டாலும் குறைவாகப் போடுங்கள். ஓவன் சூட்டில் நார்ச்சத்து எங்கும் ஓடிவிடாது. போதுமா?

இனி அந்த நார்ச்சத்துக்கு வருகிறேன். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்துதான் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுகிறது. நாளுக்கு 3 கிராம் என்ற அளவை வைத்து, இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று ஓட்ஸ் பொட்டலத்தில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி கொடுத்தது. உங்கள் ட்ரேயில் ஏறக்குறைய 200 கிராம் ஓட்ஸ் இருக்கும். ஆறு துண்டு போட்டால் துண்டுக்கு ஒன்றேகால் கிராம் போல பீட்டா குளுக்கன் வரும். நல்ல கணக்கு. ஆனால் அது தள்ளிவைத்த தட்டில் அல்லவா இருக்கிறது?

அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தே வந்தன. உப்பைக் குறைக்கவேண்டும் என்றார் மருத்துவர். குறைக்க என்று அவர் சொன்னது என் காதில் ஒழிக்க என்று விழுந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டினேன். வாரத்துக்கு இரண்டு ட்ரே செய்தேன், ஒரு கல் உப்பு கிடையாது. ஒருமுறை பேக்கிங் சோடா கை தவறிக் கூடுதலாக விழுந்து, புளூபெர்ரியைச் சுற்றி எல்லாம் பச்சைபச்சையாகிவிட்டது. அந்தப் பழத்தின் நீலம் சோடாவின் காரத்தன்மை பட்டால் அப்படித்தான் ஆகும். அப்பா அதையும் சாப்பிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த ‘தான்’ எனக்குக் கேட்டிருக்கவேண்டும்.

ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் உப்பு. நான் சமையலறைக்குத் திரும்பும் நேரம் பார்த்துத் தூவிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மேசையில் வைத்து, "என்ன இது?" என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கைகட்டி நிற்காத மனுஷன், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தரையைப் பார்த்தார். "ஒரு சிட்டிகைதாம்மா" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சொன்னால் கேட்கிறார் என்றும் நினைத்தேன்.

கணக்குப் பிரியர் நீங்கள், இதையும் போட்டுப் பாருங்கள். கால் டீஸ்பூன் உப்பு ஒன்றரை கிராம். ஒரு ட்ரே முழுக்க அவ்வளவுதான். ஆறு துண்டில் ஒன்றுக்குக் கால் கிராம் வரும். பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. உங்கள் அம்மாவுக்கு உப்பே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். ஆனால் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, கொலஸ்ட்ரால் என்றுதான் இருக்கிறது. உப்பை நீங்களாகவே சேர்த்து நிறுத்தியிருக்கிறீர்கள். நிறுத்திய கையாலேயே பேக்கிங் பவுடரைப் போடுகிறீர்கள், அதில் மட்டும் சோடியம் இல்லையா? அந்தக் கால் டீஸ்பூன் போனதும் என்ன ஆகிறது தெரியுமா? ஓட்ஸின் லேசான கசப்பு மேலே வருகிறது, பழத்தின் இனிப்பு கீழே போகிறது. அதைச் சரிக்கட்டத் தேனை ஊற்றுகிறீர்கள். அட்டையைத் தேனில் நனைத்துக் கொடுத்தால் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டதே பெரிது. "சொன்னால் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டைத் தள்ளி அவரும் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோபப்படாதீர்கள். விடிகாலையில் எழுந்து அம்மாவுக்காக ஓவன் முன்னால் நிற்கிற பிள்ளையைத் திட்ட எனக்கு மனசில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய என்னைத் திட்டிக்கொள்கிறேன், அது உங்கள்மேல் படுகிறது.

அந்தச் சட்டை, போன வாரம் கிடைத்தது. கடைசி வருஷங்களில் அப்பா போட்டது, மேசையில் பொட்டலத்தை வைத்த நாளுக்கு வெகுகாலம் பிறகு எடுத்தது. பையில் கைவிட்டால் எட்டாக மடித்த காகிதம். உள்ளே உப்பு ஈரம் இழுத்து, காய்ந்து, பட்டாணி அளவுக்குக் கட்டியாக இறுகிக் கிடந்தது. நிறுத்தவே இல்லை அந்த மனுஷன். சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

எந்தப் பழம் என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் கேளுங்கள். ஆப்பிள் என்று சொன்னால் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்குங்கள், பெரிய துண்டு நாற்பது நிமிடத்தில் வேகாது.